துத்தநாகக் கட்டி

காசிமேட்டில் தேசிங்கு என்று கூப்பிட்டால்
மூன்று பேர் திரும்புவார்கள்.
துரு தட்டுற தேசிங்கு என்றால்
நான் ஒருவன்தான்.

இருபத்தியாறு வருடமாக
படகின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்து
சுத்தியலால் தட்டுகிறேன்.
செதில் வாயில் விழுந்தால் ரத்தம் மாதிரி இருக்கும்.
ரத்தம் வாயில் பட்டால் துரு மாதிரி இருக்கும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதனால்தான் கொருக்குப்பேட்டைக் கல்யாண மண்டபத்தில்
கோட்டு போட்ட ஒருவர், கரண்டு போன மத்தியானம்,
"உங்க உடம்புக்குள்ள துரு பிடிக்குது" என்றதும்
முதல் ஆளாகக் கை தூக்கினேன்.
அறுபது மாத்திரை. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
விற்றது என் கொழுந்தியா வனரோஜா.
அவளுக்கு மாதம் பன்னிரண்டு டப்பா கணக்கு.

நம்பாமல் இருக்க எனக்கு வழியில்லை.
எஃகுப் படகின் அடியில்
துத்தநாகக் கட்டி வைத்துப் பற்றவைக்கிறவன் நான்.
உப்புத் தண்ணீர் இரும்பைத் தேடி வரும்.
கட்டி முந்திக்கொண்டு, என்னைத் தின்னு என்னும்.
வருடம் கழித்துக் கரையேற்றினால்
எலி கடித்த கருவாடு மாதிரி அது இருக்கும்,
இரும்பு இரும்பாகவே இருக்கும்.
அப்படி ஒரு கட்டி எனக்குள்ளும் போகிறது
என்று காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று விழுங்கினேன்.

மூன்று மாதம், மூன்று டப்பா.
மூத்திரம் மட்டும் பளபளவென்று மஞ்சளானது.
சர்க்கரை எட்டு புள்ளி நாலிலிருந்து
எட்டு புள்ளி மூன்றுக்கு இறங்கியது.
"பாத்தியா மாமா" என்றாள் வனரோஜா.

தண்டையார்பேட்டை டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
"பீடி உண்டா?"
என் சட்டைப் பையை அவரே பார்த்துவிட்டார்.
பேனா எடுத்து ஒரு பெயரை அடித்தார்: பீட்டா கரோட்டின்.
"பொகை பிடிக்கிறவங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க.
நுரையீரல்ல புத்து கம்மியாகல. கூடிச்சு."

மீதியெல்லாம்?
"சில பேருக்குக் கொஞ்சம் எறங்குது. பல பேருக்கு இல்ல.
நீங்க நடங்க.
நடக்கும்போது உள்ள கொஞ்சம் துரு பிடிக்கும்.
அந்தச் சேதியக் கேட்டுத்தான் ஒடம்பு தன்ன சரி பண்ணிக்கும்.
மாத்திரைய அள்ளிப் போட்டா
சேதிய அமுக்கிடுமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு."

சேதியாம். துருவுக்கு.
ஐம்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் தகடு வெட்டும் வேலை.
சுடரில் இரும்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும்
ஆக்சிஜன் பிடியை அழுத்தினேன்.
அப்போதுதான் கை நின்றது.
வெட்டுவது சுடர் இல்லையே.
சுடர் சூடேற்றித் தருகிறது, அவ்வளவுதான்.
அந்த ஒரு கோட்டில் மட்டும்
நூறு வருடத் துருவை இரும்பு
ஒரே மூச்சில் பிடித்துக் கீழே கொட்டுகிறது.
ஒரு கையால் துருவை அடித்தே பிழைத்தவன்
மறு கையால் துருவை வைத்தே வெட்டியிருக்கிறேன்.
மாணிக்கம் கீழேயிருந்து கத்தினான்:
"இன்னாண்ண, கேஸ் போயினே கீது!"

இப்போது விடிகாலை எண்ணூர் சாலையில் நடக்கிறேன்.
கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று
என் முகத்தில் புகை விடுகின்றன.
இந்த நடை கூட்டலா கழித்தலா,
டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை.
பீடி பதினொன்றிலிருந்து ஆறு.
டீக்குச் சக்கரை இல்லை, பரோட்டா ஞாயிறு மட்டும்,
அதுவும் எல்லா ஞாயிறும்.

நாலாவது டப்பாவோடு வனரோஜா வந்தாள். வாங்கவில்லை.
அந்த மாதம் அவள் பதினொன்றில் நின்றுவிட்டாள்.
அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்.
ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது,
சாப்பிடாதே என்று எழுதி.
மூன்றையும் வெல்டிங் ராடு பெட்டியில் போட்டிருக்கிறேன்.
இந்த மழைக்கு
ஒரு ராடுகூட நமுத்துப் போகவில்லை.